முயலுக்கு முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை: வளர்ப்பவர் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

முயல் வளர்க்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே பலர் எதிர்கொள்ளும் முதல் பெரிய முடிவு, அதற்குக் கருத்தடை அறுவை செய்வதா வேண்டாமா என்பதாகும். பெண் முயலுக்குக் கருப்பையையும் சூலகங்களையும் நீக்குவதும் ஆண் முயலுக்கு விரைகளை நீக்குவதும் வழக்கமான சிகிச்சைகள்தாம் என்றாலும், இரண்டும் முழு மயக்கத்தில் நடப்பவை. கடைவாய்ப் பல்லைச் சீராக்குவதற்கும், சீழ்க்கட்டியை அகற்றுவதற்கும், சிறுநீர்ப்பைக் கல்லை எடுப்பதற்கும் அதே மயக்கம் தேவைப்படுகிறது. இக்கட்டுரை பெண் முயலின் கருப்பை நீக்கத்தை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தாலும், இதில் உள்ள ஆயத்தங்களில் பெரும்பகுதி மற்ற அறுவைகளுக்கும் பொருந்தும்.

ஆபத்தின் அளவை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை பல கால்நடை மருத்துவமனைகளில் திரட்டப்பட்ட விவரங்களின்படி, மயக்கத்தின்போதோ அதையொட்டிய நேரத்திலோ மயக்கம் தொடர்பான காரணங்களால் இறந்த நாய்கள் 0.17 விழுக்காடு, பூனைகள் 0.24 விழுக்காடு, முயல்களோ 1.39 விழுக்காடு. ஆனால் இந்த 1.39 என்ற எண்ணைப் பார்த்து அஞ்சிவிட வேண்டியதில்லை. அதற்குள் இரண்டு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. உடல்நலத்தோடு அறுவைக்குச் சென்ற முயல்களில் இறப்பு 0.73 விழுக்காடாகவும், ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 7.37 விழுக்காடாகவும் இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி, இறந்த முயல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறுவை முடிந்த பிறகே இறந்தன என்பது. ஆகவே முயல் நலமாக இருக்கும்போதே அறுவையை முடிப்பதும், அறுவைக்குப் பிந்தைய மணிநேரங்களை விழிப்போடு கடப்பதும் உயிர் காக்கும் காரியங்கள். இவ்விரண்டிலும் மருத்துவருக்கு உள்ள அளவு பங்கு வளர்ப்பவருக்கும் உண்டு.

பெண் முயலுக்கு இந்த அறுவை வெறும் குட்டிப்பேற்றைத் தடுப்பதற்காக மட்டும் செய்யப்படுவதில்லை. கருப்பை நீக்கப்படாத பெண் முயல்களுக்கு நான்கு வயதைத் தாண்டும்போது கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் அதிகம்; அது பின்னர் நுரையீரலுக்கும் பரவக்கூடியது. எனவே நான்கு முதல் ஆறு மாத வயதுக்குப் பிறகு, உடல் முதிர்ந்து ஆனால் கொழுப்பு சேராத இளமைப் பருவத்தில் செய்துவிடுவதே பெரும்பாலான மருத்துவர்களின் பரிந்துரை. மூன்று வயதைக் கடந்த முயலுக்கும் செய்யலாம்; ஆனால் அதற்கு முன் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுவது அவசியம்.

முயலின் வயிறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவர் படிப்பார் என்றால், அது இதுவாக இருக்கட்டும். முயலின் உணவுப்பாதை ஓய்வில்லாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. நார்ச்சத்துள்ள புல் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் அசைந்துகொண்டிருக்கும். பெருங்குடல்வாயில் உள்ள நுண்ணுயிர்களும் சமநிலையில் இருக்கும். வலி, அச்சம், பட்டினி, உடல் குளிர்தல் ஆகிய நான்கில் எது வந்தாலும் இந்த அசைவு மந்தமாகிவிடும். குடல் மந்தமானால் வாயு சேர்ந்து வயிறு வலிக்கும், வலித்தால் முயல் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் மேலும் மந்தமாகும். இந்தச் சுழலுக்குள் போய்விட்ட முயலை மீட்பது கடினம். உடல் பருத்த முயலாக இருந்தால், ஒரு நாளுக்கு மேல் உண்ணாமலிருப்பது கல்லீரலில் கொழுப்புத் தேங்குவதற்கும் வழிவகுக்கும்.

மனிதருக்கும் நாய்க்கும் பூனைக்கும் அறுவைக்கு முன் வெறும் வயிறு வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், மயக்கத்தில் வாந்தி வந்து அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடாது என்பதே. முயலால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் மேல்வாய்த் தசை அவ்வளவு இறுக்கமானது. இரவு முழுதும் பட்டினி போட்டாலும் அதன் இரைப்பை காலியாவதுமில்லை. ஆகவே பட்டினியால் கிடைக்கும் பயன் எதுவுமில்லை. குடலை மந்தமாக்குவதும் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதும்தான் மிச்சம். வாயில் உணவுத் துணுக்குகள் தங்கி, மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்துவதற்கு இடையூறாக இருக்கக்கூடாது என்பதற்காக, மயக்க ஊசிக்கு முந்தைய ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் மட்டும் உணவை எடுத்துவிடும்படி சில மருத்துவர்கள் கேட்பார்கள், அது நியாயமானது. தண்ணீரை நிறுத்தவே தேவையில்லை.

மருத்துவமனையின் வரவேற்பில் இருப்பவர், நாய்க்கும் பூனைக்கும் சொல்லிப் பழகிய வழக்கத்தில், "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிடுவது உண்டு. அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம்; மருத்துவரிடமே நேரில் பேசி, இது முயல் என்பதை நினைவூட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். மருத்துவரும் அதையே சொன்னால், வேறு மருத்துவரைத் தேடுவதற்கு அதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

நாய் பூனைகளைச் சிறப்பாகக் கவனிக்கும் மருத்துவர் முயலுக்கும் அதே அளவு பழக்கப்பட்டவராக இருப்பார் என்று எடுத்துக்கொள்ள இயலாது. முயலின் மார்புக்கூடு உடலளவுக்குச் சிறியது. வாய் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பதால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது தனித் திறமை. முகமூடி வழியாக மயக்க வாயுவை நேரடியாகக் கொடுத்தால் முயல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், முதலில் அமைதிப்படுத்தும் ஊசி போட்ட பிறகே வாயுவுக்குச் செல்வது நல்ல முறை. பல முயல்களின் உடலில், மயக்கத்தின்போது இதயத் துடிப்பு குறைந்துவிடாமல் காக்கும் அட்ரோபின் மருந்தை விரைவாகச் சிதைத்துவிடும் நொதி இருப்பதால், நாய்க்கு வழக்கமாகப் போடும் அந்த ஊசி முயலுக்குப் பலனளிக்காமல் போகலாம். கிளைக்கோபைரோலேட் என்ற மாற்று மருந்து அதற்குப் பயன்படுகிறது. இவற்றையெல்லாம் வளர்ப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முயல் மயக்கம் என்பது நாய் மயக்கத்தின் சிறிய அளவு அன்று என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைப் பணிவோடு கேட்டுவிடுங்கள். மாதத்தில் எத்தனை முயல்களுக்கு அறுவை செய்கிறீர்கள்? முயல் மயக்கத்தில் இருக்கும்போது அதன் மூச்சையும் இதயத் துடிப்பையும் மட்டும் கவனிக்க ஒருவர் அருகில் இருப்பாரா? ஆக்சிஜன் கொடுக்கப்படுமா? உடலைச் சூடாக வைக்க என்ன ஏற்பாடு? காதின் இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் பொருத்தி வைப்பீர்களா? வலிநிவாரணி அறுவைக்கு முன்பே தொடங்குமா, வீட்டுக்கும் கொடுத்து அனுப்புவீர்களா? இவற்றில் கடைசிக் கேள்வியை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக வைப்பேன். "முயல் வலியைத் தாங்கிக்கொள்ளும்" என்றோ, "வலி இருந்தால்தான் ஓடியாடாமல் இருக்கும்" என்றோ பதில் வந்தால், அங்கே அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வலியை வெளியே காட்டாமல் மறைப்பது வேட்டையாடப்படும் விலங்குகளின் இயல்பு. வலி இல்லை என்பது அதற்குப் பொருளன்று.

உள்ளூரில் முயலுக்குப் பழகிய மருத்துவர் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலோ விசாரித்துப் பார்க்கலாம். நீண்ட பயணம் முயலுக்கு நல்லதில்லைதான். ஆனால் பழக்கமில்லாத கைகளில் மயக்கம் கொடுப்பதைவிட இரண்டு மணி நேரப் பயணம் மேல்.

நாளைக் குறிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முடிந்தவரை காலையில் முதல் அறுவையாக வைத்துக்கொண்டால், மாலைக்குள் முயல் நன்றாகத் தெளிந்து, சாப்பிடத் தொடங்கி, அன்றே வீடு திரும்ப நேரம் இருக்கும். சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சிக்கல் வருமானால் அது பெரும்பாலும் அடுத்த நாளில் வரும். அந்த அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கக்கூடாது.

இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்து

அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்கு முயலை ஒருமுறை கொண்டுசெல்லுங்கள். அது ஆணா பெண்ணா என்பதையே அப்போது மறுபடியும் உறுதிசெய்துகொள்வது புத்திசாலித்தனம். கடையில் இரண்டும் பெண் என்று விற்ற இணையில் ஒன்று ஆணாக இருப்பது அரிதான நிகழ்வன்று. ஆண் துணையோடு இருந்த பெண் முயல் சினையாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தும்மல், மூக்கில் சளி, முன்னங்கால்களின் உட்புற மயிர் பிசுபிசுத்திருப்பது ஆகியவை மூச்சுப்பாதைத் தொற்றின் அடையாளங்கள். முயல் மூக்கு வழியாகவே சுவாசிக்கும் விலங்கு என்பதால், மூக்கடைப்போடு மயக்கத்துக்கு அனுப்புவது ஆபத்தானது. தொற்று குணமாகும்வரை அறுவையைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை. பேதி இருந்தாலும் அப்படியே.

பரிசோதனையோடு வீட்டு வேலையும் தொடங்குகிறது. சமையலறையின் மின்னணுத் தராசில் ஓர் அகலமான பாத்திரத்தை வைத்து, அதில் முயலை உட்காரவைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள். மயக்க மருந்தின் அளவு எடையைக் கொண்டே கணக்கிடப்படுவதாலும், அறுவைக்குப் பின் முயல் உண்மையில் சாப்பிடுகிறதா என்பதை எடை சொல்லிவிடுவதாலும், இந்தக் குறிப்பு பின்னர் கைகொடுக்கும். அதோடு, ஒரு நாளில் எவ்வளவு புழுக்கை போடுகிறது, அது எந்த அளவில் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதையும் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் முயலுக்கு இயல்பானது எது என்று தெரியாதவருக்கு, இயல்பு மாறியதும் தெரியாது.

உணவில் இந்த நாட்களில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். முயலின் அன்றாட உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். திமோத்தி உலர்புல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான அருகம்புல்லும் பூச்சிமருந்து படாத தீவனப்புல்லும் போதும். குதிரைமசால் சத்தானது என்று பலர் அதையே முழு உணவாகக் கொடுக்கிறார்கள். வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச்சத்து மிகுந்த அந்த உணவு அளவோடுதான் இருக்க வேண்டும். கேரட்டும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் மட்டும் தின்று பழகிய முயலாக இருந்தால், அறுவைத் தேதியை ஒரு மாதம் தள்ளிவைத்து, அதைப் புல்லுக்கு மெல்லப் பழக்கிவிட்டு வருவதே நல்லது. புல் தின்னாத முயலின் குடல் அறுவைக்கு முன்பே பலவீனமாக இருக்கிறது என்று பொருள்.

சிரிஞ்சால் உணவு ஊட்டுவதை முன்கூட்டியே பழகுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி. அறுவை முடிந்து வலியோடும் மிரட்சியோடும் இருக்கும் முயலிடம் அந்தப் பாடத்தை முதன்முறையாகப் படிப்பது இருவருக்கும் வேதனை. ஊசி இல்லாத 1 மில்லி, 5 மில்லி சிரிஞ்சுகளை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். முயலைத் துண்டில் சுற்றி மேசைமேல் உங்கள் உடலோடு அணைத்து உட்காரவைத்து, முன்பற்களுக்குப் பின்னால் பற்களற்ற இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து சிரிஞ்சின் முனையை நுழைத்து, அரை மில்லி ஒரு மில்லியாக, அது மென்று விழுங்கும் வேகத்துக்கு ஏற்பக் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதலில் தண்ணீரையும் பிறகு பிடித்த கீரையை மசித்த நீரையும் கொடுத்துப் பழக்கினால், சிரிஞ்சைக் கண்டதும் ஓடாமல் நிற்கும். முயலை மல்லாக்கப் புரட்டி அசையாமல் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்போது அது அமைதியாகத் தெரிவது அச்சத்தால் உறைந்துபோவதே.

வாங்கிவைக்க வேண்டியவை அதிகமில்லை. நோயுற்ற புல்லுண்ணிகளுக்கென விற்கப்படும், நீரில் கரைத்துக் கொடுக்கும் மீட்பு உணவுத் தூள் ஒரு பொட்டலம் வேண்டும். ஆக்ஸ்போ நிறுவனத்தின் கிரிட்டிக்கல் கேர் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அது கிடைக்காவிட்டால், முயல் வழக்கமாக உண்ணும் பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துக்கொள்ளலாம். மேலே திறக்கும் கெட்டியான பயணப் பெட்டி, நூல் பிரியாத துண்டுகள், பழைய செய்தித்தாள், சுடுநீர்ப் பை, அவ்வளவே.

மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் எந்த மாத்திரையையும் முயலுக்குக் கொடுக்கக் கூடாது. குறிப்பாக அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியாகக் கொடுத்தால், குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகி முயல் இறந்துவிடக்கூடும். உண்ணிக்காக நாயின் முதுகில் தடவும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. அறுவைக்குப் பின் எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டில் இப்பெயர்கள் வாய்மருந்தாக இருந்தால், வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முயலுக்கு வாய்வழியாகப் பெரும்பாலும் என்ரோஃபுளோக்சாசின் போன்றவை தரப்படுகின்றன.

முந்தைய நாளும் பயணமும்

முந்தைய இரவு முயல் எப்போதும் போலச் சாப்பிடட்டும். பயணப் பெட்டியை இரண்டு நாட்களுக்கு முன்பே திறந்து அதன் கூண்டருகில் வைத்து, உள்ளே புல்லைப் போட்டுவைத்தால், மறுநாள் தள்ளித் திணிக்க வேண்டியிராது. வீடு திரும்பியதும் தங்கவேண்டிய இடத்தையும் அன்றே தயார்செய்துவிடுங்கள்: ஒரே தளமாக, ஏறிக் குதிப்பதற்கு எதுவும் இல்லாமல், மரத்தூளும் மண்ணும் இல்லாமல், செய்தித்தாளின்மேல் சுத்தமான துண்டு விரித்து வைத்திருக்க வேண்டும். கம்பிவலைத் தரை வேண்டாம்.

காலையில் புல்லும் அதற்குப் பிடித்த கீரையும் கொடுங்கள். கிளம்பும்போது அதே புல்லையும், கொத்தமல்லித் தழை போன்ற வாசனையான கீரை ஒரு பிடியையும், வீட்டுத் தீவனத்தையும் தனிப் பையில் எடுத்துச் சென்று மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். மயக்கம் தெளிந்த முயல் பழகாத உணவை முகர்ந்துகூடப் பார்க்காது. பழகிய கீரையின் மணத்துக்கு வாயை அசைக்கும். வழக்கமாகத் தண்ணீரைக் கிண்ணத்தில் குடிக்கிறதா பாட்டிலில் குடிக்கிறதா என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

முயலைத் தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறுகை பின்பக்கத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும். பின்னங்கால்கள் தொங்கினால் அது உதைத்துக்கொள்ளும். அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். காதைப் பிடித்துத் தூக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நம் ஊர் வெயில் தனிக் கவனம் கேட்கிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் தவிக்கத் தொடங்கும். நிறுத்திவைத்த காரிலும் மதிய நேரத்து ஆட்டோவிலும் வெப்பத்தாக்கம் வந்துவிடும். விடியலிலேயே கிளம்புங்கள். கோடையில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். வேண்டுமென்றால் முயல் அதன்மேல் சாய்ந்துகொள்ளும், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும். மருத்துவமனையில் காத்திருக்கும்போது பெட்டியைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தி, நாய்களும் பூனைகளும் கண்ணில் படாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொள்ளுங்கள். அச்சம் மிகுந்த முயலுக்கு மயக்கம் கொடுப்பதே சிக்கலானது.

இணையாக வளரும் முயல்களாக இருந்தால், துணையையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். ஒன்று மட்டும் மருத்துவமனை வாசனையோடு திரும்பினால், வீட்டில் இருந்தது அதை அயலாக நினைத்துத் தாக்குவது உண்டு; இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தால் அந்தச் சிக்கல் குறையும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், கடைசியாக எப்போது சாப்பிட்டது, அன்று காலை புழுக்கை இயல்பாக இருந்ததா, வேறு மருந்து எதையாவது உட்கொள்கிறதா என்பவற்றைச் சொல்லுங்கள். இரவிலிருந்து சாப்பிடவில்லை என்றால் அதை மறைக்காமல் சொல்லி, அன்றைய அறுவையை நிறுத்திவிடுவதே சரி. விடுப்பு எடுத்தாயிற்றே என்ற எண்ணம் அந்த இடத்தில் வரக்கூடாது.

அங்கே நடப்பது

முதலில் அமைதிப்படுத்தும் மருந்தும் வலிநிவாரணியும் ஊசியாகப் போடப்படும். பிறகு கீட்டமின் போன்ற மயக்க மருந்தோ, ஐசோஃபுளுரேன் வாயுவோ, இரண்டுமோ பயன்படுத்தப்படும். வயிற்று மயிர் மழிக்கப்படும். முயலின் தோல் மெல்லியது என்பதால் சிறு சிராய்ப்புகள் இருக்கலாம். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 முதல் 300 வரை இருப்பதும், உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதும் முயலுக்கு இயல்பு. சிறிய உடலில் வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது வெப்பம் வேகமாக இறங்கிவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் குளிரூட்டிய அறுவை அறையில் முயல் குளிர்ந்துபோகலாம் என்பதால்தான், சூடாக வைக்கும் ஏற்பாட்டைப் பற்றி முன்பே கேட்கச் சொன்னது.

வீட்டுக்கு அழைத்து வரும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த வலிநிவாரணி, எவ்வளவு, அடுத்த வேளை எப்போது. முயலுக்கு எழுதப்படும் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியின் அளவு, புட்டியில் நாய்க்கென அச்சிடப்பட்ட கணக்கைவிடக் கூடுதலாக இருக்கலாம். முயலின் உடல் அம்மருந்தை வேகமாக வெளியேற்றிவிடுவதே காரணம். தவறு என்று நினைத்து நீங்களாகக் குறைக்காதீர்கள். இரவில் அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண்ணையும் கேளுங்கள். முயல் இன்னும் தலையை நிறுத்த முடியாமல் தள்ளாடுகிறது, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்ற நிலையில் அனுப்பினால், இன்னும் சில மணி நேரம் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

முதல் இரவும் அடுத்த பத்து நாட்களும்

முதல் இரவு யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும். அமைதியான, மங்கலான வெளிச்சமுள்ள அறை போதும். காதுகள் சில்லென்றிருந்தால் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பையைத் தடித்த துண்டில் சுற்றி ஒரு பக்கத்தில் வையுங்கள். விலகிச் செல்ல இடம் இருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று நேராகப் படக்கூடாது.

புல், கீரை, தண்ணீர், பெல்லட் எல்லாவற்றையும் மூக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வீடு வந்து நான்கைந்து மணி நேரத்துக்குள் தானாக எதுவும் உண்ணத் தொடங்காவிட்டால் சிரிஞ்சை எடுத்துவிட வேண்டும்; காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவர் வேறு அளவு சொல்லாவிட்டால், கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லி குழைத்த மீட்பு உணவை, நாளுக்கு நான்கைந்து வேளையாகக் கொடுக்கலாம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வயிறு உப்பிக் கெட்டியாக இருந்து, உடல் குளிர்ந்து, முயல் சோர்ந்து கிடந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எதையும் ஊட்டாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

புழுக்கை வரும்வரை நிம்மதியில்லை. முதலில் வருபவை சிறியதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். நாளடைவில் பழைய அளவுக்குத் திரும்பும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் உண்ணவுமில்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரநிலை. எடையையும் தினமும் பாருங்கள்.

வலியைக் கண்டுபிடிக்க முகத்தைப் பாருங்கள். கண்கள் பாதி மூடியிருத்தல், கன்னம் தட்டையாதல், மூக்குத்துளை கூரிய வடிவம் பெறுதல், மீசை மயிர் விறைத்தல், காதுகள் சுருண்டு பின்னால் சாய்தல் ஆகிய ஐந்தையும் கொண்டு முயலின் வலியை அளக்கும் முறை ஒன்றை ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்டார்கள். இவற்றோடு கூனி உட்கார்ந்திருப்பதும், பற்களைச் சத்தமாக நறநறவென்று கடிப்பதும் வலியின் அடையாளங்கள். தடவிக்கொடுக்கும்போது மெல்லக் கேட்கும் பல்லுரசல் வேறு. அது சுகத்தில் வருவது. இரண்டையும் பிரித்தறிய அறுவைக்கு முன்பே காதைப் பழக்கிக்கொண்டிருந்தால் நல்லது.

காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். இலேசான வீக்கமும் சிவப்பும் இயல்பு. நீர் கசிதல், சீழ், துர்நாற்றம், தையல் பிரிதல் ஆகியவை இயல்பல்ல. நம் சூழலில் ஈ மொய்ப்பதுதான் பெரிய எதிரி. காயத்திலோ நனைந்த பின்பகுதி மயிரிலோ ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். எனவே இந்தப் பத்து நாளும் முயலை வீட்டுக்குள், கொசுவலைக்குள் வைத்திருப்பதே மேல். விரிப்பை நாளுக்கு இருமுறை மாற்றுங்கள். குளிப்பாட்டக் கூடாது. மஞ்சள், தேங்காயெண்ணெய் போன்ற கைவைத்தியம் எதையும் தையலின்மேல் பூச வேண்டாம். முயல் அதை நக்கத் தொடங்கினால் தையலையும் கடித்துவிடும்.

கழுத்தைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை நான் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வேன். முயல் தன் குடலிலிருந்து வரும் மென்மையான இரவுப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து உண்ணும். அதில்தான் அதற்கு வேண்டிய வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. கூம்பு அதைத் தடுத்துவிடுவதோடு, மிரட்சியையும் கூட்டும். தோலுக்கு அடியில் மறைவாகத் தையல் போடும் மருத்துவராக இருந்தால் கூம்பு பெரும்பாலும் தேவைப்படாது. அதையும் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடலாம்.

பெண் முயலை 10 முதல் 14 நாட்கள் குதிக்கவிடாமல் வைத்திருங்கள். மூன்றாம் நாளே அது துள்ளத் தொடங்கும். ஆனால் உள்தையல்கள் இன்னும் ஆறியிருக்காது. துணை முயல் மென்மையானதாக இருந்தால் சேர்த்து வைக்கலாம், ஏறி மிதிப்பதாக இருந்தால் வலைத்தடுப்பின் இருபுறமும் வைத்து முகர்ந்துகொள்ள மட்டும் விடலாம்.

ஆண் முயலின் விரை நீக்கம் எளிதான அறுவை. பெரும்பாலானவை அன்று மாலையே சாப்பிட்டுவிடும். மேலே சொன்ன பட்டினி, வலி, ஈ பற்றிய எச்சரிக்கைகள் எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் அறுவை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அன்றே பெண் முயலோடு சேர்த்துவிடாதீர்கள். விந்துக்குழாயில் எஞ்சியிருக்கும் உயிரணுக்களால் நான்கு முதல் ஆறு வாரம் வரை அதனால் சினைப்படுத்த முடியும். கருப்பை நீக்கப்படாத பெண் முயல் வீட்டில் இருந்தால், அறுவை நாளிலிருந்து ஆறு வாரத்தை எண்ணி நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதுவரை இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருங்கள். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள்தான். ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்தால், அடுத்த மாதம் கூண்டில் அரை டஜன் குட்டிகள் இருக்கும்.